மேடை தந்த நடிகைகள் – 7: ஒரு லட்சமும் ஒரு விரதமும்

சென்ற இரண்டு இதழ்களில், பெண்களே ஒன்றுகூடி நடத்திய கும்பகோணம் பாலாமணி அம்மாள் கம்பெனியைப் பற்றியும், அதற்கு நேர்மாறாக ஆண் பிள்ளைகளே ஸ்திரீபார்ட்டும் கட்டி ஆடிய பாலர் நாடக சபைகளைப் பற்றியும் எழுதினேன். இவ்விரண்டையும் தவிர மூன்றாவது வழி ஒன்றும் அக்காலத்தில் இருந்தது. ஆணும் பெண்ணும் ஒரே மேடையில் சரிக்குச் சரியாக நின்று, பாட்டிலும் தர்க்கத்திலும் ஒருவரை ஒருவர் வெல்ல முயன்ற ஸ்பெஷல் நாடகம் என்னும் அந்த வழியில்தான் கொடுமுடி கே.பி. சுந்தராம்பாள் அம்மையார் உருவானார். அவருடைய சரித்திரத்தை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் அதை ஒரு பதிவிரதையின் சோக காவியமாகவே எழுதிவிட்டார்கள். அந்தச் சோகம் உண்மையானது. அதை நான் அணுவளவும் குறைத்துச் சொல்ல வரவில்லை. ஆயினும், இருபத்தைந்து வயதில் தமக்குத் தாமே ஒரு நிபந்தனையை விதித்துக்கொண்டு, பின்னர் நாற்பது ஆண்டுக் காலம் தமிழ்ச் சினிமா உலகம் அந்த நிபந்தனைக்கு உட்பட்டே தம்மை நாடி வரும்படி செய்த ஒரு கலைஞரின் சரித்திரமாகவும் அதைப் படிக்க வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

தெற்கு நோக்கி ஓடிவரும் காவிரி கிழக்கே திரும்பும் இடத்தில், மகுடேசுவரர் ஆலயத்தால் தேவார காலம் முதற்கொண்டு பிரசித்தி பெற்ற தலமாக விளங்குவது கொடுமுடி. அங்கே 1908ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் பாலாம்பாள் என்னும் ஏழைத் தாய்க்குப் பிறந்தவர் சுந்தராம்பாள். அவர் பெயருக்கு முன்னுள்ள எழுத்துகளில் ஒன்று ஊரையும் மற்றொன்று தாயையும் குறிக்கும்; அந்தக் குடும்பத்தைத் தாங்கியவர் யார் என்பதை அந்த ஓர் எழுத்தே தெரிவித்துவிடுகிறது. வறுமை கொடியதாக இருந்தது. ஈரோட்டிலிருந்து திருச்சிக்குப் போகும் ரயில் வண்டிகள் கொடுமுடி வழியாகச் செல்வதால், அவ்வண்டிகளில் ஏறிப் பாடிப் பிரயாணிகள் தரும் காசைக் கொண்டு சிறுமி சுந்தராம்பாள் குடும்பத்துக்கு உதவினாள். ஓடும் வண்டியின் இரைச்சலையும், கூட்டத்தின் சந்தடியையும், குழந்தைகளின் அழுகையையும் மீறி ஒரு பெட்டியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கேட்கும்படி பாட வேண்டுமானால் எத்தகைய சாரீரம் வேண்டும் என்பதை நாமே ஊகித்துக்கொள்ளலாம். வேறு குருகுலம் எதுவும் வாய்ப்பதற்கு முன்னரே அந்த ரயில் வண்டி அவருக்கு முதற்குருவாக அமைந்தது.

அந்தச் சாரீரத்தின் கீர்த்தி வேலு நாயர் நாடகக் கம்பெனிவரை எட்டி, பத்து வயதளவிலேயே அவர் அதில் சேர்ந்தார். அங்கே அவருக்குக் கிடைத்த முதல் வேஷங்களில் ஒன்று நல்லதங்காள் நாடகத்தில் மூத்த மகன். பஞ்சம் பொறுக்காமல் ஏழு குழந்தைகளுடன் அண்ணன் வீட்டை நாடிச் சென்று, அண்ணி மூளி அலங்காரியின் கொடுமையால் அங்கும் அன்னமின்றித் துரத்தப்பட்டு, கடைசியில் குழந்தைகளை ஒவ்வொன்றாகக் கிணற்றில் எறிந்துவிட்டுத் தானும் விழுந்து மாண்ட ஒரு தாயின் கதை அது. பசியைப் பாடும் பாட்டு அந்த மூத்த மகனுக்கு உரியது. பசி என்பது இன்னதென்று வேறொருவர் சொல்லிக்கொடுக்க வேண்டிய நிலையில் அந்தச் சிறுமி இல்லை. அந்தப் பாட்டைக் கேட்டுக் கொட்டகையே கண்ணீர் விட்டது என்று அந்நாளைய ரஸிகர்கள் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்கள். இன்னொன்றையும் இங்கே கவனிக்க வேண்டும். அவருடைய மேடை வாழ்வே ஆண் வேஷத்தில் ஆரம்பமாயிற்று. பின்னாளில் அவர் செய்த ஒரு பெரிய தீர்மானத்துக்கு இந்த ஆரம்பம் எவ்வளவு துணை செய்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

ஸ்பெஷல் நாடகம் என்றால் என்ன என்பதை இக்காலத்து வாசகர்களுக்குச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். அதை அறியாமல் சுந்தராம்பாளை அறிய முடியாது. கம்பெனி நாடகத்தில் நடிகர்கள் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் உண்டு உறங்கி, வாத்தியாரின் கண்டிப்புக்கு உட்பட்டு, மாதக்கணக்கில் ஒத்திகை பார்ப்பார்கள். ஸ்பெஷல் நாடகத்தில் அப்படி எதுவும் கிடையாது. காண்டிராக்டர் ஒருவர் ராஜபார்ட்டை ஓர் ஊரிலிருந்தும், ஸ்திரீபார்ட்டை இன்னோர் ஊரிலிருந்தும், பபூனையும் ஆர்மோனியக்காரரையும் மற்றோர் ஊரிலிருந்தும் அந்த ஓர் இரவுக்கென்று பேசி அமர்த்துவார். அவர்கள் அன்று மாலைதான் ஒருவரை ஒருவர் சந்திப்பார்கள். ஒத்திகை என்ற பேச்சுக்கே இடமில்லை. சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிக் கொடுத்த வள்ளி திருமணமும் பவளக்கொடியும் கோவலனும் சத்தியவான் சாவித்திரியும் எல்லோருக்கும் மனப்பாடம். ஆகையால் கதை எங்கே தொடங்கி எங்கே முடியும் என்பது மேடையில் இருப்பவருக்கும் தெரியும், தரையில் உட்கார்ந்திருப்பவருக்கும் தெரியும். தெரியாதது ஒன்றுதான்: அன்றிரவு யார் யாரை மடக்கப் போகிறார்கள் என்பது.

இரவு பத்து மணிக்கு ஆரம்பமாகிக் கோழி கூவும் வரை நடக்கும் வள்ளி திருமணத்தை எடுத்துக்கொள்வோம். தினைப்புனத்தில் பரண்மேல் நின்று ஆலோலம் பாடிப் பறவைகளை ஓட்டுகிறாள் வள்ளி. நாரதர் வருகிறார். யார் நீ, இந்தக் காட்டில் தனியே என்ன வேலை என்று ஆரம்பிக்கும் கேள்வி, சிறிது நேரத்தில் வேதாந்தத்துக்குப் போகும்; இலக்கணத்துக்குப் போகும்; ஆண் பெரிதா பெண் பெரிதா என்ற வழக்குக்குப் போகும். கேட்டவரின் பாட்டு எந்த ராகத்தில் இருந்ததோ அதே ராகத்தில், அதே சுருதியில் பதில் வர வேண்டும். பதில் வர ஒரு கணம் தாமதமானால் ஜனங்கள் விடமாட்டார்கள். அதன் பின் முருகன் வேடனாக வருவான்; வேடன் வேங்கை மரமாவான்; விருத்தனாக மறுபடியும் வருவான். ஒவ்வொரு வரவிலும் மறுபடி தர்க்கம், மறுபடி பாட்டு. மேடையின் பக்கத்தில் அமர்ந்திருக்கும் ஆர்மோனியக்காரர் வெறும் பக்கவாத்தியம் வாசிப்பவர் அல்லர். பாட்டை எடுத்துக்கொடுப்பவரும், இடையில் புகுந்து தாமே பாடுபவரும், தர்க்கம் தடம் புரண்டால் நேராக்குபவரும் அவரே. ஒலிபெருக்கி பரவாத காலம். ஆயிரக்கணக்கானவர் கூடியிருக்கும் கொட்டகையில் கடைசி வரிசையில் தரை டிக்கட் வாங்கியவனுக்கும் ஒவ்வோர் எழுத்தும் கேட்டாக வேண்டும்; கேட்காவிட்டால் அவனே எழுந்து அதைச் சொல்லிவிடுவான். நான்கு கட்டை, ஐந்து கட்டைச் சுருதியில் விடிய விடியப் பாடிய அந்தத் தலைமுறையினரின் குரல்வளம் சினிமாவுக்கென்று தயாரானதன்று. அந்தக் கடைசி வரிசைக்காரனுக்கென்று தயாரானது.

இந்தப் பள்ளியில் ஒரு பெண் தேர்ச்சி பெற்றுவிட்டாள் என்றால், அவள் எந்த ஆணுக்கும் எதிரில் நின்று அவனுடைய கேள்விக்குப் பதிலும், தன் சார்பில் மறுகேள்வியும் போடப் பழகியவள் என்று பொருள். வெளியே சமூகத்தில் எந்தப் பெண்ணுக்கும் அந்நாளில் இல்லாத உரிமை அது. நாடகக்காரி என்று இழிவாகப் பேசிய அதே ஊர், இரவில் அவள் நாரதரை மடக்கியபோது கைதட்டியது. இந்த முரண்பாட்டின் நடுவில்தான் அன்றைய நடிகையர் அனைவரும் வாழ்ந்தார்கள்.

1926ஆம் ஆண்டில் சுந்தராம்பாள் இலங்கைக்குச் சென்றார். தனுஷ்கோடியில் கப்பல் ஏறித் தலைமன்னாரில் இறங்கி, அங்கிருந்து ரயிலில் கொழும்பு போவது தமிழ் நாடகக்காரர்களுக்கு அந்நாளில் பழகிப்போன பாதை. கொழும்பு நகரத்துத் தமிழ் வர்த்தகர்களும் தொழிலாளிகளும் நாடகத்துக்குப் பொருளை வாரி வழங்கியவர்கள். அங்கேதான் செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பாவுடன் அவர் முதன்முதலாக மேடையேறினார். கிட்டப்பாவுக்கு அப்போது வயது இருபதுதான். ஆனால் கன்னையா கம்பெனியின் தசாவதாரம் முதலிய நாடகங்களால் அவருடைய பெயர் தமிழ்நாடெங்கும் பரவியிருந்தது. தமையனார் காசி ஐயர் ஆர்மோனியத்தில் அமர, கிட்டப்பா வாயைத் திறந்தால் எதிரில் நின்று பாட ஸ்திரீபார்ட்டுகள் அஞ்சினார்கள். அவரோடு ஒரே மேடையில் பாடினால் உன் பெயர் கெட்டுவிடும் என்று சுந்தராம்பாளுக்கும் எச்சரிக்கை செய்தவர்கள் இருந்தார்கள். வள்ளி திருமணம் நடந்தது. வேலனும் வள்ளியும் ஒருவருக்கொருவர் சளைக்காமல் பாடினார்கள். அதற்குப் பின், கிட்டப்பா என்றால் கூடவே சுந்தராம்பாள் என்று சொல்லும்படி ஆயிற்று.

மேடைப் பொருத்தம் வாழ்க்கைப் பொருத்தமாக மலர்ந்து, இருவரும் மணந்துகொண்டார்கள். கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே மனைவி இருந்தார். ஒருவன் இரண்டு பெண்களை மணப்பதைச் சென்னை மாகாணச் சட்டம் தடுத்தது 1949ஆம் ஆண்டில்தான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், அந்த விவாகம் அக்காலத்தில் அபூர்வமானதன்று என்பது விளங்கும். ஆனால் அதன் பாரம் முழுவதும் இரண்டு பெண்களின் தலையில் விழுந்தது என்பதையும் சொல்லாமலிருக்க முடியாது. சில வருஷங்கள் மேடையில் அந்த ஜோடிக்கு இணையில்லாத கீர்த்தி. வீட்டில் பிரிவும் பிணக்கும் மறுபடி சமாதானமும் மறுபடி பிரிவும். கிட்டப்பாவின் உடலைக் குடிப்பழக்கம் அரித்தது. பிரிவுக் காலத்தில் சுந்தராம்பாள் அவருக்கு எழுதிய கடிதங்கள் பிற்காலத்தில் அச்சேறியிருக்கின்றன. அவற்றைப் படிக்கையில், இரவெல்லாம் ஆயிரம் பேர் முன்னிலையில் தயங்காமல் தர்க்கம் புரிந்த அதே பெண் ஒரு மனிதரிடம் மட்டும் தன் வழக்கைச் சொல்ல முடியாமல் தவித்த தவிப்பு நெஞ்சை உருக்குகிறது. 1933ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் தேதி, இருபத்தேழே வயதில், கிட்டப்பா காலமானார்.

தமிழ்ப் பேசும் படம் பிறந்து அப்போது இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. கிட்டப்பா ஒரு படத்திலும் நடிக்கவில்லை. அந்த ஜோடி மேடையில் எப்படி நின்றது, எப்படித் திரும்பியது, தர்க்கத்தின் நடுவில் எப்படிச் சிரித்தது என்பதைக் காட்டப் படச்சுருள் ஓர் அடிகூட இல்லை. எஞ்சியவை கிராமபோன் தட்டுகளே. ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷமே கொள்ளும் அந்தத் தட்டில், மேடையில் அரைமணி நேரம் விஸ்தரித்த ராகத்தைச் சுருக்கி, தொடக்கமும் உச்சமும் முடிவும் கெடாமல் பாட வேண்டும். கிட்டப்பாவின் தட்டுகளையும் சுந்தராம்பாளின் தட்டுகளையும் அடுத்தடுத்து வைத்துக் கேட்போருக்கு ஓர் உண்மை புலனாகும். கிட்டப்பாவின் குரல் மேலே பறந்து, பறத்தலிலேயே ஆனந்திப்பது. சுந்தராம்பாளின் குரலும் அதே உயரத்துக்குப் போகும். ஆனால் அங்கே போன பிறகும் சொல்லை விடாது. மேல் ஸ்தாயியில் நிற்கும்போதும் தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் தெளிவாகப் பிரிந்து விழும். வல்லினமும் மெல்லினமும் அவர் நாவில் குழம்பியதே இல்லை. தர்க்கத்தில் பழகிய நாக்கு அல்லவா? பொருள் புரியாமல் போனால் வாதத்தில் தோல்வி என்று கற்றவர் அவர்.

கணவர் இறந்தபின் சுந்தராம்பாள் வெள்ளைப் புடவை உடுத்து, நெற்றி நிறைய விபூதி பூசி, மேடையை விட்டே விலகிக் கொடுமுடியில் அடைந்துகிடந்தார். மீண்டும் அவரை வெளியே கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் தேசபக்தர் எஸ். சத்தியமூர்த்தி. நாடகக் கலைஞர்களை மதித்து, அவர்களைக் காங்கிரஸ் மேடைக்கு உரிமையோடு அழைத்த முதல் தலைவர் அவர் என்றால் மிகையாகாது. கிட்டப்பா உயிரோடிருந்த நாளிலேயே அந்தத் தம்பதியர் கதர் உடுத்தித் தேசியப் பாட்டுகளைப் பாடியவர்கள். இப்போது சுந்தராம்பாள் அந்தப் பணியைத் தனியே தொடர்ந்தார். 1937ஆம் ஆண்டுத் தேர்தலில் காங்கிரஸ் கூட்டங்களில் பிரசங்கத்துக்கு முன் அவர் பாட்டு என்று விளம்பரம் செய்தால், பிரசங்கியின் பெயரைப் பார்க்காமலே ஜனங்கள் திரண்டார்கள்.

திரும்பி வந்தார், ஆனால் ஒரு விரதத்தோடு திரும்பி வந்தார். இனி எந்த ஆண் நடிகருக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்பதே அந்த விரதம். ஸ்பெஷல் நாடக மேடையின் நாயகிக்கு அது தொழிலையே துறப்பதற்குச் சமம். வேலன் இல்லாமல் வள்ளி ஏது? இங்கேதான் அவருடைய பால்யப் பயிற்சி கைகொடுத்தது. ஆண் வேஷத்தில் தொடங்கியவர் ஆண் வேஷத்துக்கே திரும்பினார். கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனாரை அவர் ஏற்றார். சிதம்பரத்துக்குப் போக வேண்டும் என்ற ஒரே ஏக்கத்தைத் தவிர உலகத்தில் வேறு பற்றில்லாத அந்தப் பறையரின் பாத்திரத்தில், ஜோடி தேவையில்லை, சிருங்காரம் தேவையில்லை. பாட்டும் பக்தியும் போதும். விரதமும் காத்தாயிற்று, மேடையின் மத்திய ஸ்தானமும் போகவில்லை. ஒரு விதவை இரண்டாம் வரிசைக்குப் போய் அக்காள் வேஷமோ அத்தை வேஷமோ ஏற்று ஜீவனம் நடத்துவார் என்று எதிர்பார்த்த உலகத்துக்கு, கதாநாயகனே தாமாக நின்று அவர் பதில் சொன்னார். இதைச் சோகத்தின் விளைவென்று மட்டும் என்னால் கருத முடியவில்லை. இதில் ஒரு கலைஞரின் கூர்மையான விவேகமும் இருக்கிறது.

இந்த நந்தனாரைப் படமாக்க முதலாளி ஹஸன்தாஸ் முன்வந்தார். நடிக்க இஷ்டமில்லாத சுந்தராம்பாள், அவர் ஓடிப்போய்விடுவார் என்று எண்ணி ஒரு லட்சம் ரூபாய் கேட்டதாகவும், அவர் மறுபேச்சின்றிச் சம்மதித்துவிட்டதாகவும் சொல்வார்கள். கேட்ட காரணம் எதுவானாலும், பெற்ற தொகை பற்றிச் சந்தேகமில்லை. அது அந்நாளில் நாடெங்கும் பேச்சாக இருந்தது. ஒரு பவுன் தங்கம் முப்பது ரூபாய்க்கும் குறைவாக விற்ற காலம் அது. அந்த ஒரு லட்சத்துக்கு 3,000 பவுனுக்கு மேல் வாங்கியிருக்கலாம். ரயில் பெட்டியில் காலணாவுக்கும் அரையணாவுக்கும் பாடிய சிறுமி, கால் நூற்றாண்டு செல்வதற்குள், இந்திய நடிகர் எவரும் அதுவரை கேட்கத் துணியாத தொகையைத் தம் ஒரு படத்துக்கு விலையாக வைத்தார். அதுவும், ஆண் நடிகர் எவருக்கும் ஜோடியில்லாத படத்துக்கு.

நந்தனார் 1935ஆம் ஆண்டில் எம்.எல். டாண்டன் டைரக்‌ஷனில் வெளிவந்தது. வேதியராக நடித்தவர் சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விசுவநாத ஐயர். இரண்டு பெரிய சாரீரங்கள் ஒரு படத்தில் சேர்ந்தும் படம் எதிர்பார்த்தபடி அமையவில்லை. ஆனந்த விகடனில் கல்கி அதை மிகக் கடுமையாகக் கண்டித்து எழுதினார். அந்தக் கண்டனத்தில் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன். அந்நாளைய பேசும்படம் என்பது நாடகத்தைப் பெயர்த்துக் காமிராவின் முன் வைப்பதைத் தவிர வேறு வித்தை அறியாததாக இருந்தது. கடைசி வரிசைக்காரனுக்கு எட்டுமாறு வளர்ந்த குரலும் பெரிய அபிநயமும், பத்தடி தூரத்தில் நிற்கும் காமிராவுக்கு முன் அளவு மீறித் தோன்றும். அதை அடக்கிக் காட்டச் சொல்லித்தரும் டைரக்டர்கள் அப்போது தமிழில் இல்லை. குற்றம் நடிகையினுடையது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் குறை இருந்தது. அதைச் சுந்தராம்பாளே உணர்ந்திருக்க வேண்டும். ஏனெனில், ஒரு லட்சத்தின் புகழ் ஓயுமுன் அடுத்தடுத்துப் பத்துப் படங்களை ஒப்புக்கொண்டிருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை. 1940இல் மணிமேகலை, அதற்கப்பால் பதின்மூன்று ஆண்டுகள் படமே இல்லை.

1953ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஜெமினியின் ஔவையார் வெளியாயிற்று. எஸ்.எஸ். வாசன் பல வருஷ காலம் பெரும் பொருட்செலவில் தயாரித்த அந்தப் படத்தை டைரக்ட் செய்தவர் கொத்தமங்கலம் சுப்பு. இந்தத் தொடரைத் தவறாமல் வாசித்து வருபவர்களுக்கு ஒரு விஷயம் சுவையாக இருக்கும். நாற்பதுகளில் நாடக மேடையில் ஔவையாராக வாழ்ந்து காட்டி, அந்தப் பெயரையே பட்டமாகப் பெற்றவர் டி.கே. சண்முகம் என்னும் ஆண்மகன். பாலர் சபையில் ஸ்திரீபார்ட் மரபைக் கண்டு வளர்ந்த ஆண் ஒருவர் மேடையில் ஔவையானார். ஸ்பெஷல் நாடகத்தில் ராஜபார்ட் மரபைக் கண்டு வளர்ந்த பெண் ஒருவர் திரையில் ஔவையானார். தமிழ் நாடகத்தின் இரு கிளைகளும் ஒரே கிழவியின் காலடியில் வந்து சேர்ந்தன என்று சொல்லலாம்.

ஔவையார் கதையை யாவரும் அறிவோம். பருவம் வந்ததும் கலியாணப் பேச்சு எழுகிறது. கன்னிப்பெண் விநாயகர் முன் நின்று, என் இளமையையும் அழகையும் எடுத்துக்கொள், எனக்கு முதுமையைக் கொடு என்று வேண்டுகிறாள். படத்தில் அந்தக் கட்டம்வரை இளம்பெண் ஔவையாக நடிப்பவர் குசலகுமாரி. பிரார்த்தனை பலித்ததும் திரையில் நிற்பவர் சுந்தராம்பாள். நரைத்த தலையும் கையில் கோலுமாக அவர் நடக்கத் தொடங்கியதும், அரண்மனையானாலும் குடிசையானாலும் அனுமதி கேளாமல் நுழையும் அதிகாரம் அந்தப் பெண்ணுக்கு வந்துவிடுகிறது. பாரி வள்ளலின் சபையில் அவள் உட்காரலாம். அதியமானிடம் உரிமையோடு பேசலாம். போருக்கு நிற்கும் அரசர்களைக் கண்டிக்கலாம். இளமையைக் கொடுத்து அவள் வாங்கிய சுதந்திரம் அது. படம் வெளியானபோது அம்மையாருக்கு நாற்பத்துநான்கு வயது. இருபத்தைந்தாம் வயதிலேயே அவர் அந்தப் பிரார்த்தனையை ஒருவிதத்தில் செய்துமுடித்திருந்தார். ஆகையால் அவர் அந்தப் படத்தில் நடிக்க வேண்டியது வெகு சொற்பம். நந்தனாரில் இருந்த மிகை முற்றும் ஒழிந்து, கை சும்மா இருக்கவும் கண் மட்டும் பேசவும் கற்றிருந்தது. வழியிற் கண்ட ஏழை வீட்டில் உட்கார்ந்து உண்ணும்போதும், கோபம் வந்து பேச்சை நிறுத்தும்போதும், அவரிடம் தெரியும் அமைதியைப் பார்த்துவிட்டு, அந்தப் படத்தின் யானைப் படையையும் கோட்டை இடிபடுவதையும் பார்த்தால் அவை சிறியவையாகத் தோன்றுகின்றன. அவற்றைத்தான் அன்றைய விளம்பரங்கள் பெரிதாகப் போட்டன.

அதற்குப் பின் அவர் ஏற்ற பாத்திரங்களை எண்ணிப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரியும். பூம்புகாரில் கவுந்தி அடிகள். திருவிளையாடலிலும் கந்தன் கருணையிலும் மீண்டும் ஔவையார். 1973ஆம் ஆண்டில் காரைக்கால் அம்மையார். மணிமேகலையையும் இவற்றோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். எல்லோரும் இல்லறத்தைக் கடந்தவர்கள். எல்லோரும் தமிழ் இலக்கியத்திலும் புராணத்திலும் ஆண் துணையின்றிச் சாலையில் நடந்த பெண்கள். அத்தகைய பெண்கள் நம் இலக்கியத்தில் ஏராளமாக இருந்தும், சினிமா அவர்களைத் தேடியதே கிடையாது. கதாநாயகனும் காதலும் இல்லாத கதைக்கு முதல் போட யார் வருவார்கள்? சுந்தராம்பாள் இருந்தார் என்ற ஒரே காரணத்தால் அக்கதைகளுக்கு முதல் போட ஆள் வந்தது. அவருடைய விரதம் அவருக்கு ஒரு வேலியாக மாத்திரம் இருந்துவிடவில்லை. தமிழ்ப் படவுலகம் தானாக ஒருபோதும் திறந்திராத ஒரு கதவை அது திறந்துவிட்டது.

பூம்புகாரைப் பற்றித் தனியே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 1964ஆம் ஆண்டில் வெளிவந்த அந்தப் படத்துக்குத் திரைக்கதை வசனம் எழுதியவர் மு. கருணாநிதி. அவர் திராவிட முன்னேற்றக் கழகத்தின் முன்னணித் தலைவர், பகுத்தறிவுவாதி. அம்மையாரோ பழுத்த காங்கிரஸ்காரர். நீறு பூசாத நெற்றியோடு அவரை ஒருவரும் கண்டதில்லை. ஐம்பதுகளில் காங்கிரஸ் சார்பில் சட்டமன்ற மேலவையிலும் இடம்பெற்றவர். இந்தியாவில் சட்டசபைக்குள் காலெடுத்து வைத்த முதல் திரைக் கலைஞர் அவரே என்பார்கள். கொள்கையில் இரு துருவங்களான இருவரையும் இளங்கோவடிகள் ஒன்றுசேர்த்தார். கோவலன் கதை ஸ்பெஷல் நாடக மேடையில் ஓயாமல் நடந்த கதை. ஆனால் அங்கே மாதவிக்கும் கண்ணகிக்கும் இருந்த இடம் கவுந்திக்கு இருந்ததில்லை. காவிரிக்கரைச் சோலையிலிருந்து மதுரைவரை ஓர் இளந்தம்பதியரை அழைத்துச் சென்று, கோவலன் கொலையுண்ட செய்தி கேட்டு உண்ணா நோன்பிருந்து உயிர் துறந்த அந்தச் சமண மூதாட்டிக்குத் தமிழ்நாட்டில் முகமும் குரலும் கிடைத்தது அம்மையாரால்தான்.

திருவிளையாடலில் பழத்துக்காகக் கோபித்துக்கொண்டு மலையேறி நிற்கும் முருகனைச் சமாதானம் செய்ய ஔவை பாடுகிறாள். அப்போது அம்மையாருக்கு ஐம்பத்தாறு வயது. குரல் அதே சுருதியில் எழுந்தது. 1969ஆம் ஆண்டில் வெளியான துணைவன் படப் பாட்டுக்காக, சிறந்த பின்னணிப் பாடகிக்குரிய தேசிய விருதை அளித்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டுக்குரியதைப் பெற்றவர் பி. சுசீலா. பின்னணி என்னும் முறை தமிழ்ப் படங்களில் வருவதற்கு முன்பே பாடி நடித்து, இறுதிவரை தம் முகத்துக்குத் தாமே பாடிய ஒருவருக்கு அந்த விருது கிடைத்தது என்பதை, பழைய மேடைக்குச் செய்த மரியாதையாகவே நான் காண்கிறேன். மறு ஆண்டு பத்மஸ்ரீ வந்தது. தமிழிசைச் சங்கத்தார் இசைப் பேரறிஞர் என்று கௌரவித்தார்கள். கொடுமுடியில் தம் பெயரால் ஒரு தியேட்டரும் கட்டினார். 1980ஆம் ஆண்டில் காலமாகும்வரை வெள்ளைப் புடவையையும் விரதத்தையும் அவர் விட்டதில்லை.

ஒன்றை மட்டும் வருத்தத்தோடு குறிக்க வேண்டியிருக்கிறது. தினைப்புனத்து வள்ளியாக அவர் திரையில் ஒருநாளும் தோன்றவில்லை. அவரும் கிட்டப்பாவும் தங்கள் சொத்தாகவே ஆக்கிக்கொண்டிருந்த வள்ளி திருமணம், கிட்டப்பா மறைந்த அதே 1933ஆம் ஆண்டில் கல்கத்தாவில் படமாக்கப்பட்டு, தமிழ்நாட்டில் வெற்றியோடு ஓடியது. அதில் வள்ளியாக நடித்தவர், அதே ஸ்பெஷல் நாடக மேடையில் பயின்று, முதல் தமிழ்ப் பேசும் படத்தின் கதாநாயகியுமான டி.பி. ராஜலட்சுமி. சுந்தராம்பாள் சினிமாவைத் தூரத்தில் நிறுத்தித் தம் நிபந்தனையைச் சொன்னார். ராஜலட்சுமி நேரே அதன் உள்ளே புகுந்து, நடித்து, கதை எழுதி, 1936ஆம் ஆண்டில் மிஸ் கமலா என்ற படத்தைத் தாமே டைரக்ட் செய்தும் முடித்தார். திருவையாற்றிலிருந்து புறப்பட்ட அந்த அம்மையாரின் சரித்திரத்தை அடுத்த இதழில் தொடங்குகிறேன்.